கணக்கு தப்பிய இடம்

ஒரு தீர்க்கதரிசி சொன்னது நடக்கவில்லை என்றால் அவரை என்ன செய்வது? உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. சொன்னது நடக்காவிட்டால் அது கடவுள் சொன்ன சொல் இல்லை, அந்த ஆளுக்குப் பயப்பட வேண்டாம். பொறியியல் படித்த எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். அளந்து பார், தேறினால் வை, தேறாவிட்டால் தள்ளு. ஆனால் அதே பைபிளில் இருக்கிற முடிவுகால நூல்களை இந்தத் தராசில் வைத்தால் முள் ஒரு பக்கமும் நிற்பதில்லை.

இதைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் வாட்சாப். மத்தியக் கிழக்கில் எங்காவது குண்டு விழுந்தால் போதும், நான் வேலை செய்கிற பாயான் லெப்பாஸ் பக்கம் பல கைப்பேசிகளில் ஒரே மாதிரி காணொளிகள் சுற்ற ஆரம்பித்துவிடும். இடிந்த கட்டடம், தூசி படிந்த பிள்ளைகள், கீழே தானியேல் புத்தகத்திலிருந்து ஒரு வசன எண். "பாத்தியா தம்பி, எல்லாம் எழுதியிருக்கு, கடைசிக் காலம் வந்துடுச்சு." அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் ஓடி வருகிறவர்கள். அதனால்தான் அந்தச் செய்திகளில் தெரிகிற சந்தோஷம் என்னை உறுத்துகிறது. எங்கோ ஒரு பிள்ளை செத்தது நம்முடைய புத்தகம் சரி என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. கிறிஸ்தவர்கள் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். "கலி முத்திடுச்சு" என்று தலையாட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் குரலிலும் சில சமயம் அதே திருப்தி கேட்கும்.

இன்னொருவரின் அழிவை என் நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது சரியா? இதற்குப் பதில் தேடுவதற்கு முன், அந்தப் புத்தகம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

தானியேலின் கதை கி.மு. 6-ஆம் நூற்றாண்டு பாபிலோனில் நடக்கிறது. சிறைப்பட்டுப் போன ஒரு யூத இளைஞன் அரசவையில் கனவுகளுக்குப் பொருள் சொல்கிறான், பிறகு அவனே தரிசனங்கள் காண்கிறான். 11-ஆம் அதிகாரத்தில் வடதிசை ராஜாவும் தென்திசை ராஜாவும் மாறி மாறிச் சண்டை போடுகிறார்கள். பெயர்கள் கிடையாது. ஆனால் அலெக்சாண்டருக்குப் பிறகு சிரியாவை ஆண்ட செலூசிட் மன்னர்கள், எகிப்தை ஆண்ட டாலமி மன்னர்கள் ஆகியோரின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் திருமணம், துரோகம், படையெடுப்பு என்று வரிக்கு வரி பொருந்துகிறது. நான்காம் அந்தியோகஸ் எகிப்துக்குள் நுழைந்ததும், கி.மு. 168-இல் ரோமின் தலையீட்டால் அவமானப்பட்டுத் திரும்பியதும், அடுத்த ஆண்டு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதும் அதில் இருக்கின்றன.

அதன் பிறகு, 40-ஆம் வசனத்திலிருந்து பொருத்தம் அறுந்துபோகிறது. இந்த ராஜா மறுபடி எகிப்தைப் பிடிப்பான், கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் இடையில் கூடாரம் போடுவான், அங்கே அவன் முடிவு வரும் என்கிறது நூல். அந்தியோகஸ் மறுபடி எகிப்தைப் பிடிக்கவில்லை. கி.மு. 164-இல் பாரசீகப் பக்கம் போன இடத்தில் இறந்தான்.

3-ஆம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவவாதி இதைப் பிடித்தார். இந்த நூல் அந்தியோகஸ் காலத்தில் எழுதப்பட்டது, நடந்ததை நடக்கப்போவதாக எழுதியிருக்கிறார்கள் என்றார். அவருடைய நூலை எரித்துவிட்டார்கள். அவர் வாதம் நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம், அதை மறுப்பதற்காக ஜெரோம் தன் தானியேல் உரையில் அதை விரிவாக எடுத்து எழுதியதுதான். இன்று பல்கலைக்கழகங்களில் பைபிளை ஆய்வு செய்பவர்களில் பெரும்பாலோர், குறைந்தது தரிசனப் பகுதிகளுக்காவது, போர்ஃபிரி சொன்ன காலத்தையே ஏற்கிறார்கள். பழமைவாத அறிஞர்கள் ஏற்பதில்லை. அந்தக் கடைசி வசனங்கள் இனிமேல் வரப்போகிற அந்திக்கிறிஸ்துவைப் பற்றியவை என்பது அவர்கள் வாசிப்பு.

ஆய்வாளர்களின் முறை எனக்குப் பழக்கமானது. ஒரு கணிப்பு மாதிரி பழைய தரவில் கச்சிதமாகப் பொருந்தி, ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து திடீரென்று சறுக்கினால், அது எந்த நாள் வரைக்குமான தரவை வைத்துச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். கணக்கு தப்பிய இடம்தான் கணக்குப் போட்டவர் உட்கார்ந்திருந்த இடம்.

நம் புராணங்களையும் இப்படித்தான் படித்திருக்கிறார்கள். கலியுக மன்னர்கள் பட்டியலை வாயு, விஷ்ணு முதலிய புராணங்கள் எதிர்காலத்தில் சொல்கின்றன. நந்தர்கள் ஆள்வார்கள், மௌரியர்கள் ஆள்வார்கள், குப்தர்கள் கங்கைக் கரையில் பிரயாகை, சாகேதம், மகதம் பகுதிகளை ஆள்வார்கள். அதோடு சரி. குப்தர்கள் பேரரசாக விரிந்தது அதில் இல்லை. 1913-இல் பார்ஜிட்டர் இந்தப் பட்டியல்களைத் தொகுத்தபோது, அவை நிற்கிற இடத்தை வைத்தே எழுதிய காலத்தைக் கணித்தார்.

அப்படியானால் தானியேலை எழுதியவர் மோசடிக்காரரா? நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பேக் டேட் போட்டு ரிப்போர்ட் எழுதுனா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. இவருக்கு மட்டும் என்ன சலுகை?" நியாயமான கேள்வி. பழைய பெரியவர் ஒருவரின் பெயரில் எழுதுவது அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லலாம். அகத்தியர் பெயரில் எத்தனை மருத்துவ நூல்கள் இருக்கின்றன என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வழக்கம் என்பது மட்டும் ஒரு செயலை நியாயப்படுத்தாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மோசடிக்காரருக்கு ஓர் ஆதாயம் இருக்க வேண்டும். இவருக்கு என்ன கிடைத்தது? வேத நூல் கையில் இருந்தாலே கொலை என்ற காலம் அது என்கிறது முதலாம் மக்கபேயர் நூல். தன் பெயரைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் சாகப்போகிறவர்களுக்கு, இந்த மிருகத்தின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன, தாங்குங்கள் என்று சொன்னார். நல்லவர்கள் ஏன் முதலில் சாகிறார்கள் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில்தான் 12-ஆம் அதிகாரத்தில் வருகிற, மண்ணில் உறங்குகிறவர்கள் எழுவார்கள் என்ற வாக்கு. எபிரேய பைபிளில் இறந்தவர்கள் உயிர்த்தெழுவதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் இடம் வேறு இல்லை.

அதே அதிகாரத்தின் கடைசியில் இரண்டு எண்கள் வருகின்றன. துன்பம் 1290 நாள் என்கிறது ஒரு வசனம். 1335 நாள் வரை காத்திருப்பவன் பாக்கியவான் என்கிறது அடுத்த வசனம். முதல் கெடு தாண்டிப் போனதால் யாரோ இரண்டாவதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓர் அலுவலகத்தில் என்றால் கெடுவை 45 நாள் தள்ளிவைத்தோம் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். நான் அந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில் உள்ள 45 நாளை நினைத்துக்கொள்கிறேன். நாள் வந்தது, ஒன்றும் நடக்கவில்லை, சாவு மட்டும் நின்றபாடில்லை. அதில் இருந்துகொண்டு ஒருவர் "இன்னும் கொஞ்சம்" என்று எழுதுகிறார். அவர் கணக்கு தவறுதான். ஆனால் அந்தத் தவறு நெருப்புக்குள் இருந்தவர் செய்தது.

அதே நூலை வெளியே உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களும் உண்டு. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி, தானியேல் 8-ஆம் அதிகாரத்தின் 2300 நாள்களை ஆண்டுகளாக எடுத்துக்கொண்டு கி.மு. 457-இலிருந்து எண்ணினார். பூஜ்ஜிய ஆண்டு கிடையாது என்பதைச் சரிசெய்தால் 1844 வரும். கடைசியில் அவரது இயக்கம் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தது. சிலர் அறுவடையை வயலிலேயே விட்டார்கள். அந்த நாளும் மற்ற நாள்களைப் போலவே விடிந்தது.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி, திருவிதாங்கூரில் சர்ச் மிஷன் சங்கத்தின் போதகராக இருந்தவர் ஜஸ்டஸ் ஜோசப். ஆறு ஆண்டில் கிறிஸ்து வருவார் என்று 1875-இல் அறிவித்தார். 1881 வந்தது, போனது. அவர் கூட்டத்தார் கிறிஸ்து ஆவியில் வந்துவிட்டார் என்று சொல்லி, யுயோமயம் என்ற புதிய மார்க்கமாக அதைத் தொடர்ந்தார்கள். அவர் எழுதிய மலையாளப் பாடல்களை இன்றும் தேவாலயங்களில் பாடுகிறார்கள். தேதியை யாரும் பாடுவதில்லை.

மில்லர் கணக்கில் ஏமாந்தவர்களில் ஒரு பகுதியினர் 1863-இல் ஒரு சபையாகத் திரண்டார்கள். அந்த நாளில் நடந்தது பூமியில் இல்லை, பரலோகத்தில் என்று பொருளை மாற்றிக்கொண்டார்கள். அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. எந்தச் சோதனைக்கும் அகப்படாத இடத்துக்குக் கணக்கை நகர்த்துவது அது. ஆனால் அதே சபை புதிய தேதி குறிப்பதை விட்டுவிட்டது, பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டியது. 1924-இல் பினாங்கில் ஒரு சின்ன கிளினிக் திறந்தது. இன்று ஜாலான் பர்மாவில் இருக்கும் அட்வென்டிஸ்ட் மருத்துவமனை அதுதான். 'அட்வென்டிஸ்ட்' என்றால் வருகைக்குக் காத்திருப்பவர் என்று பொருள். பினாங்கில் யாரும் அதை நினைப்பதில்லை. "அட்வென்டிஸ்ட்ல காட்டுனியா?" என்றுதான் கேட்கிறோம். உலகம் முடியப்போகிறது என்று நம்பியவர்களின் வழிவந்தவர்கள், அதே உலகத்தில் அடுத்தவன் முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. காத்திருப்பவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்பது தேதியைவிட நல்ல சோதனை.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கும் இதே கேள்வியைப் போடலாம். அதை எழுதியவர் பத்மு தீவில் இருந்தவர். ஏழு மலைமேல் உட்கார்ந்திருக்கும் பாபிலோன் என்று அவர் குறிப்பது ரோம்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 666 என்ற எண்ணைப் பலர் நீரோ சீசர் என்ற பெயரின் எபிரேய எழுத்துகளுடைய கூட்டுத்தொகையாகக் காண்கிறார்கள். சில பழைய பிரதிகளில் 616 என்று இருப்பதும் அந்தப் பெயரின் லத்தீன் வடிவத்துக்குப் பொருந்துகிறது. 666-ஐத் தடுப்பூசியிலும் பார்கோடிலும் தேடுகிறவர்கள் 18-ஆம் அதிகாரத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அங்கே வியாபாரிகள் அழுகிறார்கள், இனி எங்கள் சரக்கை யார் வாங்குவார் என்று. பொன், வெள்ளி, முத்து, இலவங்கப்பட்டை, வாசனைப் பொருள், திராட்சரசம், கோதுமை, ஆடுமாடு என்று போகிற பட்டியல் மனித உயிர்களில் முடிகிறது.

1786-க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி துறைமுகமாக வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் பட்டியலைச் சும்மா படிக்க முடியாது. மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் ஏறி இறங்கிய ஊர் இது. இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து இங்கே வேலை வாங்கினார்கள். எதிர்க்கரையில், அன்றைய வெல்லெஸ்லி மாகாணக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். நம்மில் பலருடைய முன்னோர் அந்தப் பட்டியலின் கடைசி வரி. அந்த அதிகாரத்தை எழுதியவர் சரக்கோடு சரக்காக எண்ணப்பட்டவர்களின் பக்கம் நின்று பேசுகிறார். இதைப் பார்த்துவிட்டால், நூலை நாளைய போரின் அட்டவணையாகப் படிப்பது அதைச் சின்னதாக்குவது என்று தெரியும்.

"அப்போ எச்சரிக்கையே கூடாதா?" என்று கேட்கலாம். கூடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். அன்று யாராவது முன்கூட்டிக் கத்தியிருந்து, எல்லோரும் ஓடித் தப்பியிருந்தால், "ஒருத்தரும் சாகலியே, நீ சொன்னது பொய்" என்று அவரைத் திட்டுவோமா? எச்சரிக்கை பலிக்காமல் போக வேண்டும் என்பதற்காகவே சொல்லப்படுவது. உபாகமத்தின் தராசு இங்கேதான் தடுமாறுகிறது.

யோனா புத்தகம் இதைப் பற்றியதுதான். இன்னும் 40 நாளில் நினிவே அழியும் என்று யோனா அறிவிக்கிறார். ராஜா முதல் எல்லோரும் திருந்துகிறார்கள். நகரம் அழியவில்லை. உபாகமச் சோதனைப்படி யோனா பொய்த் தீர்க்கதரிசி. அவருக்குக் கோபம் வருகிறது. நகரத்துக்குக் கிழக்கே போய் ஒரு குடிசை போட்டு, இனியாவது ஏதாவது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்கிறார். நிழல் கொடுத்த ஆமணக்குச் செடி வாடியதற்கு வருத்தப்படுகிறவர், நகரம் பிழைத்ததற்கு வருத்தப்படுகிறார். வலது இடது தெரியாத 1,20,000-க்கும் மேற்பட்ட மனிதர்களும் அத்தனை மிருகங்களும் இருக்கிற ஊருக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். யூதர்கள் இந்தப் புத்தகத்தை யோம் கிப்பூர் என்ற தங்கள் பாவமன்னிப்பு நாளின் பிற்பகலில் வாசிக்கிறார்கள். முடிவுகாலத்தைக் கணக்குப் போடுகிறவர்களைத் தால்முத் சபிப்பதும் இதே மரபில்தான்.

தானியேலை எழுதியவர் நகரத்துக்குள் இருந்து கணக்கில் தவறினார். யோனா நகரத்துக்கு வெளியே உட்கார்ந்து, தன் கணக்கு சரியாக வரட்டும் என்று காத்திருந்தார். முடிவைப் பற்றிப் பேசுகிற யாரிடமும், என்னையும் சேர்த்து, முதலில் கேட்க வேண்டியது தேதி இல்லை. நீ எங்கே உட்கார்ந்து பேசுகிறாய்? நீ சொன்னது நடக்காமல் போனால் உனக்குச் சந்தோஷமா, வருத்தமா? யோனா என்ன பதில் சொன்னார் என்று அந்தப் புத்தகம் எழுதிவைக்கவில்லை.