ஸ்பிரிங்ஃபீல்டு வக்கீல்

ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாக இருந்தது நான்கே ஆண்டுகள். அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற சின்ன நகரத்தில் அவர் வக்கீல்.

1858 மே மாதம், பியர்ட்ஸ்டவுன் கோர்ட். டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞன்மேல் கொலை வழக்கு; அவனுக்காக வாதாடியவர் லிங்கன். இரவு 11 மணி வாக்கில் அவன் அடித்ததை நிலா வெளிச்சத்தில் பார்த்ததாக முக்கிய சாட்சி சொன்னார். நிலா உச்சியில் இருந்ததா? ஆமாம் என்றார். லிங்கன் அவசரப்படவில்லை, அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் நிலா மறையும் தறுவாயில் இருந்தது! டஃப் விடுதலையானான்.

லிங்கன் பீஸ் வாங்கவில்லை. நியூ சேலம் என்ற ஊரில் ஏழை வாலிபனாக இருந்தபோது அவருக்குச் சோறு போட்டு, கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்தவர் டஃபின் தாய் ஹன்னா.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிங்கன் தன் மகன்கள் வில்லியையும் டாடையும் ஆபீசுக்கு அழைத்து வருவார். பையன்கள் காகிதங்களை இறைப்பார்கள், பேனாக்களை வீசுவார்கள். கூட்டாளி ஹெர்ன்டன் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். லிங்கன் ஒரு வார்த்தை அதட்ட மாட்டார். 1850இல் நான்கு வயது நிறையாத மகன் எடியைப் பறிகொடுத்த தகப்பன் அவர்; அதட்ட மனம் வருமா?