கோவின் இல்லமா, குடிகளின் அவையமா?

காஞ்சியைக் கோயில் நகரம் என்பர். தறியோசை கேட்கும் தெருவிலிருந்து தலை நிமிர்ந்தால் கோபுரம் தெரியும். நிமிர்ந்து பார்த்த நாம், அந்தச் சொல்லைக் குனிந்து ஆராய்ந்தோமா தோழர்களே?

கோ என்றால் மன்னன். இல் என்றால் மனை. கண்ணகி நீதி கேட்டு நின்ற பாண்டியன் அரண்மனையைச் சிலப்பதிகாரம் கோயில் என்றே குறிக்கிறது. மன்னன் மனைக்குரிய பெயர் பின்னர் தெய்வத்தின் மனைக்கும் ஆயிற்று. காஞ்சியிலே, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மன், இராசசிம்ம பல்லவேச்சுரம் எனத் தன் பெயரையே அதற்குச் சூட்டினான்!

ஐரோப்பாவிலும் இந்தக் கதை உண்டு. ஆங்கிலேயரின் சர்ச், 'ஆண்டவனுக்கு உரியது' எனும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அந்த ஆண்டவன் என்ற கிரேக்கச் சொல்லோ, அடிமையை உடைய ஆண்டையையும் குறித்தது! பிரெஞ்சுக்காரரின் எக்லீஸ், ஏதென்சு நகரக் குடிமக்கள் கூடி முடிவெடுத்த அவையின் பெயரிலிருந்து பிறந்தது. போலந்து மக்கள் வழங்கும் சொல்லுக்கு வேர், கோட்டை எனும் இலத்தீன் சொல். வழிபடும் இடம் ஒன்று. ஒருவருக்கு ஆண்டை வீடு, ஒருவருக்கு மக்கள் மன்றம், ஒருவருக்குக் கோட்டை!

மன்றம் என்ற பெயர் வாய்த்தாலே மக்களுக்கு உரிமை வந்துவிடுமா? ஏதென்சு அவையிலே பெண்ணுக்கு இடமில்லை, அடிமைக்கும் இடமில்லை. காஞ்சிக்கு அருகே உத்திரமேரூரில், 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் கோயிற் சுவரிலேதான் உள்ளன. கோவின் இல்லம் அங்கே அவையமாயிற்று! ஆனால் வாரிய உறுப்பினராக நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும். உழுதவன் பெயர் குடத்தில் விழ வழியேது?

ஆகவே, சொல்லின் வேர் வரலாற்றைச் சொல்லும், நீதியைச் சொல்லாது. நீதியை அறிய வேறு வினாக்கள் வேண்டும். யார் உள்ளே போகலாம்? யார் கருவறையில் நிற்கலாம்? யார் கணக்குக் கேட்கலாம்? முதல் வினாவுக்கு 1939, 1947ஆம் ஆண்டுச் சட்டங்கள் விடை தந்தன. இரண்டாம் வினாவுக்காக 1970இல் சட்டம் வந்தது; பயிற்சி பெற்ற பிற சாதியார் பலர் அர்ச்சகராக நியமனம் பெற்றதோ 2021இல்! இடையே அரை நூற்றாண்டு!

"கடவுளை நம்பாத உனக்கு இதில் என்ன அக்கறை?" என்பார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் அறிவின் பாற்பட்டது; பிறப்பைக் காட்டிக் கதவடைப்பதோ எல்லோருக்கும் இழைக்கும் இழிவு.

அரண்மனை என்று பிறந்த சொல் ஆலயமாக வளர்ந்தது. அவை என்று பிறந்த சொல் தேவாலயமாக மாறிற்று. பிறந்த பொருளிலேயே கிடக்க வேண்டுமென்ற விதி சொல்லுக்கே இல்லை. மனிதனுக்கு மட்டும் ஏன்?