அறாத பெல்ட்டுக்கு யார் சாட்சி?

திருவனந்தபுரத்தில் பழைய வீடுகளின் போர்ட்டிகோக்களில் மாருதி 800 இன்னும் நிற்கிறது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் கிலோமீட்டர் ஏறுவதில்லை, வயதுதான் ஏறுகிறது. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், "நல்லாத்தானே ஓடுது?" என்று பதில் வரும்.

அலட்சியமாகத் தோன்றும் இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு தத்துவக் கட்சியே இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் சேரநாட்டு வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கிறார்கள். (அந்த வஞ்சி கொடுங்கல்லூரா கரூரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.) அவர்களில் பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி, கண்ணால் காண்பதே பிரமாணம் (அறியும் வழி), அனுமானம் செல்லாது என்கிறான். மணிமேகலை அவனை ஒரே கேள்வியில் மடக்குகிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

டைமிங் பெல்ட் பூதவாதியை இன்னும் மோசமாகச் சோதிக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது பல் வைத்த இந்த ரப்பர் பட்டைதான். அறுந்தால் சில எஞ்சின்களில் வண்டி நடுரோட்டில் நிற்பதோடு போகும். வேறு சிலவற்றில் பிஸ்டன் போய்த் திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். அம்பாசடர் காலத்தில் செயின் இருந்தது, தளர்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். பெல்ட் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம் என்பது தர்க்கப் பாடம். இங்கே புகையே இல்லை. கண்ணாடி இழை பொதிந்த செயற்கை ரப்பர், மேலே ஒரு வெடிப்பும் காட்டாமல் உள்ளே களைத்துப்போகக்கூடும். எனவே காட்சியும் கைகொடுக்காது, அனுமானமும் அரைகுறை. மிச்சம் இருப்பது சப்தம், அதாவது பிறர் சொல். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்று என்கிறது வண்டியின் கையேடு.

யார் சொல்லை நம்பலாம்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறார். பொருளை நேரடியாக அறிந்து, அறிந்ததை அப்படியே சொல்ல விரும்புபவனே ஆப்தன். இந்த இலக்கணம் ரிஷிக்கும் மிலேச்சனுக்கும் பொது. ஆக, கையேட்டின் பின்னாலிருக்கும் சுசுகி பொறியாளருக்கும் அதில் இடமுண்டு! நியாயவாதிகள் இன்னொரு படி மேலே போகிறார்கள். ஆயுர்வேதம் சொல்வது நோயாளியின் உடம்பில் பலிப்பதைக் காண்கிறோம்; வேதத்தையும் சொன்னவர்கள் அவர்களே என்பதால், சோதிக்க முடியாத அந்த வாக்கையும் ஏற்கலாம் என்பது நியாயவாதிகளின் வாதம். வேதத்துக்கு அது பொருந்துமா என்பதில் பௌத்தர்கள் அவர்களோடு நெடுங்காலம் மல்லுக்கு நின்றார்கள். கார் கையேட்டுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

வீட்டு முற்றத்தில் தானே பெல்ட் மாற்றுகிறவர் கையேட்டின் சொல்லைக் கையாலேயே சோதிக்கிறார். பேட்டரி வயரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து, கிராங்க் புல்லி போல்ட்டோடு மல்லுக்கட்டி, மூடியைத் திறந்ததும் பல்சக்கரங்களில் சின்னஞ்சிறு குறிகள் தெரியும். கேம் குறியும் கிராங்க் குறியும் அததன் எதிர்க்குறிக்கு நேராக நிற்க வேண்டும். புதுப் பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இறுக்கி, ஸ்பானரால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுகிறார். குறிகள் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. கையேடு இதில் பொய் சொல்லவில்லை. அப்படியானால் ஆண்டுக் கணக்கில் மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும்? "எதற்கும் இப்போதே மாத்திடலாம் சார்" என்று பில் போடக் காத்திருப்பவரின் சொல் வேறு ரகம். அவருக்கு விஷயம் தெரியும். உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

ஒரு சிக்கல் மட்டும் தீராது. காலத்தில் மாற்றியவருக்கு, மாற்றாமல் விட்டிருந்தால் அறுந்திருக்குமா என்பது ஒருபோதும் தெரியப்போவதில்லை. பழவங்காடி கணபதி கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போட்டுத் தேங்காய் உடைப்பவரும் இதே நிலையில்தான் நிற்கிறார்: விபத்து நடக்கவில்லை, எதனால் என்று காட்ட முடியாது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பெல்ட்டை அறும்வரை ஓட்டிப் பார்க்கச் சோதனைக்கூடம் உண்டு. தேங்காய்க்கு அப்படி ஒன்றை எந்தப் பக்தரும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார்.

தவணையும் பொருளுக்குப் பொருள் மாறும். தமிழ்நாட்டுக் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கொரு கும்பாபிஷேகம் என்பது மரபு; சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் புதிதாகச் சாத்துவார்கள். பழவங்காடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பத்மநாபசுவாமி கோயிலில் 2025 ஜூன் 8 அன்று நடந்த மகா கும்பாபிஷேகமோ சுமார் 270 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு என்றார்கள்.

முற்றத்தில் வேலை முடிந்ததும், மூடியின் உட்புறத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதிவைப்பது சிலர் வழக்கம். நாளை வண்டி கைமாறும்போது அந்த ஒரு வரியும் சப்தப் பிரமாணம்தான். வாங்குகிறவர் அதை நம்புவாரா, மறுபடியும் கழற்றுவாரா என்பது எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருப்பதைப் பொறுத்தது.