நோன்பின் எடை

அம்மா ஏகாதசிக்கு ஏகாதசி வெறும் தண்ணீரோடு இருப்பாள். மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் விடிவதற்குள் தயாராக வேண்டும். விரதம் அம்மாவுடையது. நாலு மணிக்கு எழுந்து கீரை ஆய்ந்தவள் அக்கா.

இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது நாற்பது வயதுக்கு மேல், ஒரு சர்வரின் முன்னால். அன்றிரவு எங்கள் இயந்திரம் ஒன்றில், நிரல்களைத் தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னர் எதுவும் புதிதாக எழவில்லை. மெமரி பாதிக்கு மேல் காலி. பதிவேட்டில் இருந்ததெல்லாம் 524 என்ற பிழை எண். அது இயக்க முறைமையின் மையமான கெர்னல் தனக்குள் வைத்திருக்கும் எண். வெளி நிரல்களுக்கான பிழைப் பட்டியலில் கிடையாது. இங்கே செக்காம்ப் ஃபில்டரை ஏற்ற முடியவில்லை என்பது பொருள்.

செக்காம்பை நான் ஒரு நோன்பாகத்தான் பார்க்கிறேன். கோப்பைத் திறக்க, வலையில் பேச, எதற்கும் ஒரு நிரல் கெர்னலிடம் சிஸ்டம் கால் வழியாகக் கேட்டாக வேண்டும். லினக்ஸில் அப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட வழிகள். இனி இவற்றை நானே கேட்டாலும் தராதே என்று நிரல் தானாகச் சொல்லிவிடலாம். ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி 2005இல் கொண்டுவந்த முதல் வடிவத்தில் நான்கே நான்கு மிஞ்சின: படிக்க, எழுத, வெளியேற, சிக்னலிலிருந்து திரும்ப. 2012இல் வில் ட்ரூரியின் வேலையால், எதை விடுவது எதை வைப்பது என்று நிரலே விதி எழுதிக்கொள்ள முடிந்தது. அந்த விதித்தொகுப்புதான் ஃபில்டர். ஏற்றியதை இறக்க முடியாது. பிள்ளை நிரல்களுக்கும் அது போகும். மேலும் இறுக்கலாம், தளர்த்த முடியாது. பௌத்த பிக்குகூட, புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரிடம் சொல்லிவிட்டுத் துறவைக் கைவிட்டு வீடு திரும்பலாம். இங்கே அந்தக் கதவும் இல்லை. திரும்ப முடியாத கட்டுப்பாடு நோன்பாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும் என்பேன். நாளை அயலான் ஒருவன் உள்ளே புகுந்து என் புத்தியையே பிடித்துக்கொள்ளலாம். அந்த நாளுக்காக, புத்தி தெளிவாக இருக்கும் இன்றே செய்துகொள்ளும் சத்தியம் அது.

ஆனால் அந்தச் சத்தியத்துக்கு எடை உண்டு. அன்றிரவு வரை நான் நிறுத்துப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு ஃபில்டரும் கெர்னலின் மெமரியில் உட்கார வேண்டும். ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள் ஓடும் ஓர் இழை, அடுக்கிக்கொள்ளும் ஃபில்டர்கள் எல்லாம் சேர்ந்து 32,768 கட்டளைகளைத் தாண்டக் கூடாது. ஃபில்டர் ஒன்றுக்கு 4 கட்டளை கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். கட்டளைக்கு 8 பைட், ஆக 256 கிலோபைட். நியாயமான வரம்புதான். ஆனால் அது ஒரு த்ரெட்டின் அடுக்கை மட்டுமே எண்ணுகிறது. எல்லா த்ரெட்களையும் கூட்டிப் பார்ப்பதில்லை. 4,000 த்ரெட்கள் வரம்புக்குள்ளேயே நின்றபடி ஆளுக்கொரு முழு அடுக்கை ஏற்றினால் ஒரு ஜிகாபைட்.

இன்னொரு வரம்பும் உண்டு. வேகத்துக்காக ஃபில்டரை இயந்திர மொழிக்கு மாற்றி வைப்பார்கள். சாதாரண உரிமையில் ஓடும் நிரல்களுக்கு, அந்த இடம் இயந்திரம் முழுவதற்கும் சேர்த்து ஒரே அளவு. எங்களுடையதில் 26,42,41,152 பைட். அந்தக் கெர்னலில் எவ்வளவு சிறிய ஃபில்டரும் 4,096 பைட் கொண்ட ஒரு முழுப் பக்கத்தைப் பிடித்தது. அதிகம் போனால் 64,512 நோன்புகள். அதற்கு மேல் இடமில்லை.

நிரப்பியது எங்கள் சேவை ஒன்றுதான். முதலில் த்ரெட்களைப் பிறப்பித்துவிட்டு, பிறந்த ஒவ்வொன்றும் தனக்கென்று ஃபில்டர் ஏற்றும்படி எழுதியிருந்தோம். வாசகம் ஒன்றே, பிரதிகள் பல்லாயிரம். எந்த த்ரெட்டும் தவறு செய்யவில்லை. வாசலில் நிறுத்தப்பட்ட புதிய கன்டெய்னரும் எந்தத் தவறும் செய்யவில்லை. அடங்கி நடக்கத்தான் அதுவும் வந்தது. அடக்கத்துக்கான இடத்தை மற்றவர்களின் அடக்கம் தின்று தீர்த்திருந்தது.

நோன்பை நாம் நோற்பவரின் மன உறுதியை வைத்தே மதிக்கிறோம். அது போதாது. யார் சுமக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். சமணர்கள் இதைத் தெளிவாகக் கண்டவர்கள். துறவியின் மகாவிரதத்தோடு இல்லறத்தாரின் அணுவிரதத்தையும் வைத்து, நால்வகைச் சங்கம் என்றார்கள். திகம்பரத் துறவி நாளுக்கு ஒருமுறை நின்றபடி கையில் ஏந்தி உண்ணும் கவளம் ஒரு வீட்டின் அடுப்பிலிருந்து வருவது. அதை அங்கே யாரும் மறைப்பதில்லை.

இன்று மட்டும் ஃபில்டர் இல்லாமல் ஓடட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அன்றிரவு கூட இருந்தவர். நான் சம்மதிக்கவில்லை. திருடன் நம் காலைக்காகக் காத்திருக்க மாட்டான். வரம்பை உயர்த்தி இரவைக் கடத்தினோம். ஆனால் வரம்பை உயர்த்துவது, நிரம்பும் நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே. அந்த வாரமே நிரலை மாற்றினோம்: தாய் த்ரெட் முதலில் ஃபில்டரை ஏற்றும், பிறகு பிள்ளைகளைப் பிறப்பிக்கும். அப்போது அத்தனை பேரும் அந்த ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்வார்கள். த்ரெட்கள் முன்பே பிறந்துவிட்டாலும், ஒருவர் ஏற்றியதை எல்லோருக்கும் பொருத்தும் வழி 2014இலிருந்தே இருக்கிறது. ஒரே ஒரு த்ரெட் தனி ஃபில்டர் போட்டு விலகிப்போயிருந்தாலும் யாருக்கும் அது பொருந்தாது. கெர்னல் அந்த த்ரெட்டின் எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.

இதையெல்லாம் போன மாதம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கெர்னல் அவளுக்குத் தெரியாது, கடைசிவரை கேட்டாள். அம்மா வீட்டில் இருந்த வருடங்களில் தனக்கும் ஏகாதசி இருக்க வேண்டும் என்று ஆசை இருந்ததாம். நாலு மணிக்கு அடுப்படியில் நிற்க உடம்பில் தெம்பு வேண்டுமே என்று ஒரு தடவைகூட இருக்கவில்லை என்றாள்.