சாரல் மாதத்து வீடு

தென்காசிக் கோபுர வாசல். ஆனிக் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. குருவும் சீடனும் படியோரம் ஒதுங்கி உட்கார்கிறார்கள்.

சீடன்: ஐயா, ஐம்பது வயது தாண்டியாயிற்று. இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

குரு: எதை நினைத்து?

சீடன்: அத்தை வீட்டை. வருஷம் தவறாமல் குற்றால சீசனுக்கு மதுரையிலிருந்து வந்துவிடுவோம். 1990 குடமுழுக்குக்கு ரொம்ப முந்தி. அப்போது இது மொட்டைக் கோபுரம். நடை ஏறியதும் அத்தை கேட்பாள், “எப்பம் ஊருக்குப் போறீய?” அப்பா ஏதோ ஒரு கிழமை சொல்வார். அம்மா முகம் சுண்டிப்போகும். தார்சாவில் ஒரே ஜமுக்காளத்தில் ஆறு பேர். தாகம் எடுத்தாலும் அடுக்களைப் பக்கம் போகத் தயங்குவோம்.

குரு: குற்றாலம்?

சீடன்: அது ஒன்றுதான் சுகம். ஐந்து கிலோமீட்டர்தானே. மெயினருவியில் நின்றுவிட்டு வந்தால் பசி பிடுங்கித் தின்னும்.

குரு: மூலிகைக் காற்று என்பார்கள். எனக்கென்னவோ அந்தத் தண்ணீரின் குளிர்தான் பசியைக் கிளப்புகிறது என்று படுகிறது. வந்ததும் சோறு இருக்குமா?

சீடன்: ஆவி பறக்கும். கூட்டாஞ்சோறு, வடகம், அப்பளம்.

குரு: உங்களோடு விருந்தாளிகள் முடிந்ததா?

சீடன்: எங்கே! நாங்கள் கிளம்புகிற அன்றைக்கே மெட்ராஸ்காரர்கள் வந்து இறங்குவார்கள். சாரல் நிற்கும்வரை அப்படித்தான்.

குரு: அப்படியானால் அத்தையின் அந்தக் கேள்வி விரட்டவா, அரிசி அளக்கவா?

சீடன்: (கொஞ்ச நேரம் கழித்து) இருக்கலாம். ஆனால் அம்மா சாகும்வரை அதை மறக்கவில்லை ஐயா. அவள் வலியைப் பொய் என்று நான் எப்படிச் சொல்ல?

குரு: சொல்லாதே. இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குப் பழுது வந்தால் அதைச் சரிசெய்கிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். கட்டும்போதே இடியும் என்று ஒத்துக்கொண்ட மனசு. அதுபோல நீயும் ஒத்துக்கொள். அம்மாவுக்கு வலித்தது வலித்ததுதான். அதை எடுத்துவிட்டா அத்தைக்கு இடம் தேடவேண்டும்? பக்கத்தில் வை. அந்த அத்தை சீசனில் எத்தனை தடவை அருவிக்குப் போனாள்?

சீடன்: அவள்... போய்ப் பார்த்த ஞாபகமே இல்லை. புறவாசல் கொடியில் எங்கள் துண்டுகள்தான் தொங்கும். நாங்கள் திரும்பியதும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். என் ஈரத் தலையில் உள்ளங்கையை வைத்து, “ஏல, தண்ணி நல்லா விழுதா?” என்பாள். வருஷா வருஷம் அதே கேள்வி.

குரு: நீ என்ன சொல்வாய்?

சீடன்: இலை போட்டாயிற்றா என்று பார்ப்பேன், ஐயா.