சனி ஞாயிறு போதுமா?

யாழ்ப்பாணத்துத் தீவகக் குடும்பங்களின் கதையை எழுதப் புகும் எவரும் கொழும்பிலும் கண்டியிலும் பதுளையிலும் இருந்த கடைகளையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கும். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, அனலைதீவு என்று எந்த ஊரை எடுத்தாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். மண் மெல்லியது, நன்னீர் அருமை, மழை வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டும். பனையும் கடலும் தந்தது போதாமல் ஆண்கள் தெற்கே போனார்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுக் கடைச் சிப்பந்தியாகப் போன பையன் சிலகாலத்தில் பங்காளியாகி, பிறகு முதலாளியானான். ஊருக்கு வந்து கலியாணம் செய்தான். மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டுத் திரும்பவும் கடைக்குப் போனான். 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பயணம் இலகுவானது. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு வருவது இலகுவாகவில்லை. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா, தைப்பொங்கல், ஒரு சாவீடு, ஒரு சாமத்திய வீடு என்று வந்து போனார்கள். வருடத்துக்கு 30 நாள் வீட்டில் தங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 30 வருடத் தாம்பத்தியத்தில் அவர் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது 900 நாள். இரண்டரை வருடத்துக்கும் குறைவு.

அந்த 900 நாளும் எப்படிப்பட்டவை என்பதுதான் என் கேள்வி. அவை எல்லாமே விசேஷ நாட்கள். புதுச் சீலை, பிள்ளைகளுக்குத் தெற்கத்தி இனிப்பு, கோயில், விருந்து, உறவினர் வீடுகளுக்குப் போய்வருதல். இன்று நாம் வார இறுதிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் இன்பங்கள் அவ்வளவும் அந்த நாட்களில் நிறைந்திருந்தன. இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று: ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை. தேத்தண்ணியை வைத்துக்கொண்டு விறாந்தையில் இருவரும் பேசாமல் இருக்கும் பொழுது, பிள்ளையின் காய்ச்சலுக்கு மாறி மாறி விழித்த இரவு, வேலி அடைக்க ஆள் வராததைப் பற்றிய சலிப்பு, அரிசி முடிந்துபோனது என்ற தகவல். இவற்றை ஒரு குடும்பத்தின் பின்னணி என்று நினைக்கிறோம். குடும்பமே இவற்றால்தான் ஆனது என்று நான் சொல்வேன். இருவர் ஒருவரையொருவர் அறிவது விசேஷ நாளில் நடப்பதில்லை. அன்று இருவரும் தங்கள் நல்ல முகத்தோடு இருக்கிறார்கள்.

திருக்குறளின் காமத்துப்பால் அடுக்கப்பட்டிருக்கும் விதம் இதற்கு நல்ல சாட்சி. 25 அதிகாரங்களில் மணத்துக்குப் பிந்திய கற்பியலுக்கு மட்டும் 18. அதில் பெரும்பங்கு பிரிவைப் பற்றியது. பிரிவாற்றாமையில் தொடங்கி, பசலையும் கனவும் மாலைப்பொழுதுமாக நீள்கிறது. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த மரபுக்கு இது இயல்பே. தீவுப் பெண்கள் அந்த அதிகாரங்களுக்கு உரையே இல்லாமல் பொருள் அறிந்தவர்கள். ஆனால் வள்ளுவர் அந்தத் துயரத்தோடு நூலை முடிக்கவில்லை. கூடிய இன்பத்தை மட்டும் பாடியும் முடிக்கவில்லை. புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசியில் வருவன எல்லாம் பிணக்கைப் பற்றியவை. பிணங்குவதற்கு நாட்கள் கையில் இருக்கவேண்டும். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாளைக்கோ மறுநாளோ திரும்பிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை இருப்பவர்தான் ஊட முடியும். பத்து நாள் விடுமுறையில் வந்த கணவனோடு எந்தப் பெண் இரண்டு நாளை ஊடலில் செலவழிப்பாள்? அவள் விழுங்கிக்கொள்வாள். அவனும் கடையில் பட்ட அவமானத்தையோ கடனையோ சொல்லாமல், சிரித்த முகத்தோடு வந்து சிரித்த முகத்தோடு திரும்பிப் போவான். இப்படிச் சொல்லாமல் விட்டவை இருபது வருடத்தில் எவ்வளவாகச் சேரும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முதுமையில் கடையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு மனைவி பாதி அந்நியராக இருந்ததில் வியப்பில்லை. அவளுக்கென்று ஒரு நாளொழுங்கு இருந்தது. அதில் அவருக்கு இடம் வைக்கப்பட்டிருக்கவில்லை.

போர் இந்தச் சாதாரண நாட்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. 1983 ஜூலையில் தெற்கில் கடைகள் எரிந்தபோது ஊருக்குத் திரும்பியவர்கள் சிலர். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் பலர். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகில் இருந்தவர்கள் போருக்குப் போனவர்கள் அல்லர். ஆசுப்பத்திரிக்கும் கந்தோருக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் மக்கள் ஏறும் படகு அது. ஒரு தீவில் கணவனும் மனைவியும் காலையில் படகேறி மாலையில் திரும்பலாம் என்பதே வாழ்க்கையின் அடிப்படை நம்பிக்கை. அது அன்று வெட்டுண்டது. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தின் ஊர்கள் பல வெறுமையாகின. பிறகு நெடுங்காலம் பாஸ், சோதனை, ஊரடங்கு. அந்த வருடங்களை நினைவுகூரும்போது இழந்த உயிர்களையும் வீடுகளையும் பட்டியலிடுகிறோம், அது கடமை. இருட்டிய பிறகு கடற்கரையில் ஒரு மணிநேரம் மனைவியோடு நடக்கமுடியாமற் போன ஆயிரக்கணக்கான மாலைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் சாட்டிக் கடற்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குழந்தையின் காலை அலையில் நனைக்கும் இளம் தம்பதியரைப் பார்த்து, வேலையற்றவர்கள் என்று முணுமுணுக்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான். அந்த உலாத்து பெருவிலை கொடுத்துத் திரும்பப் பெற்ற ஒன்று.

ஆனாலும் ஒரு கவலை உண்டு. யாழ்ப்பாண நகரத்தில் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், கிழமை நாட்களில் நடப்பது பெரும்பாலும் நிர்வாகம். யார் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றுவது, மின்சாரப் பட்டியல் கட்டியாயிற்றா, நாளைக்கு என்ன சமைப்பது. அன்பு முழுவதையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு, அன்று நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போய்ப் படமெடுத்து வந்தால் கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணம் மெல்ல வளர்கிறது. கடைக்காரக் கணவரின் ஏற்பாட்டையே, அவருக்கிருந்த நிர்ப்பந்தம் இல்லாமல், ஒரே வீட்டுக்குள் நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். அவர் வருடத்துக்கு 30 நாள் வந்தார். நாம் கிழமைக்கு ஒரு நாள் வருகிறோம். இவ்வளவு பாரத்தைத் தாங்கும் அளவுக்கு வார இறுதி உறுதியான ஒன்றா என்றால், அதுவும் இல்லை. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையே இருக்கவில்லை. போயா நாளும் அதற்கு முந்திய அரைநாளும்தான் ஓய்வு. நாட்காட்டியை அரசாங்கம் மாற்றியதோடு குடும்பங்களின் ஓய்வும் சந்திரனோடு நகர்ந்தது. ஊர்காவற்றுறையின் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிறன்று பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை என்றாலும், மற்ற நாட்களில் அவர்கள் வீட்டில் இருப்பதையும் இல்லாததையும் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. சோளகம் பலமாக வீசி வள்ளம் இறக்க முடியாத ஒரு புதன்கிழமை அந்த வீட்டுக்கு வார இறுதி. வலை பொத்தும் கணவனுக்குப் பக்கத்தில் மனைவி மீன் கருவாடாவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை யாரும் உல்லாசப் பயணம் என்று சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் பயணமே வேண்டாமா? வேண்டும். அதில் எந்தப் பகுதி பெறுமதியானது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் முருகைக்கல் வேலியையும் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும் பெருக்க மரத்தையும் குதிரைகளையும் பார்க்கப் போகிறார்கள். பார்க்கத்தான் வேண்டும், அவை அருமையானவை. ஆனால் ஒரு தம்பதிக்கு அந்தப் பயணம் தருவதில் பெரும்பகுதி வேறிடத்தில் கிடைக்கிறது. விடியவே எழும்பி வெளிக்கிடுவதில் வரும் அவதி, பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று, குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசை, படகின் தாழ்ந்த அறையில் டீசல் மணத்தோடு ஏறக்குறைய ஒரு மணிநேரம். ஒருவருக்கு வயிற்றைப் பிரட்டும். மற்றவர் போத்தல் தண்ணீரை நீட்டுவார். செய்வதற்கு ஒன்றும் இல்லாத அந்த மணிநேரத்தில்தான் பல நாட்களாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தி வெளியே வரும். தீவில் வெயிலுக்கு ஒதுங்க அதிக இடமில்லை, திரும்பும் படகைத் தவறவிடவும் முடியாது. இருவரும் பொறுமையில் எப்படிப்பட்டவர்கள் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். படத்தில் வராத இந்தப் பகுதிகளெல்லாம் செவ்வாய்க்கிழமையின் இயல்பு கொண்டவை. ஆகவே நல்ல பயணம் என்பது கிழமை நாளிலிருந்து தப்பியோடுவதாக எனக்குப் படவில்லை. கிழமை நாளை இருவரும் சேர்ந்து, வேறு காற்றில், கொஞ்சம் நிதானமாக வாழ்ந்து பழகுவதாகவே படுகிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்று மிகவும் வலுவானது. சாதாரண நாட்களைப் புகழ்வது ஆண்களுக்குச் சுலபம், அந்த நாட்களைச் சுமப்பவள் பெண் என்பார்கள். தீவகத்தில் இதை மறுக்கவே முடியாது. நன்னீருக்காகக் குடத்தோடு நடந்தது பெண்கள். சாதியின் பெயரால் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, யாராவது வார்த்துவிடும்வரை காத்துநின்ற பெண்களுக்குச் சாதாரண நாள் என்பது அன்றாட அவமானம். எழுத்தாளர் மு. தளையசிங்கம் தம் ஊரான புங்குடுதீவில் 1971இல் கண்ணகி அம்மன் கோயில் கிணற்றை எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்று போராடி அடிபட்டது இதற்காகத்தான். குசினியிலிருந்து ஒரு நாளாவது விடுபட்டால் போதும் என்று ஏங்கும் பெண்ணிடம் போய்ச் செவ்வாய்க்கிழமையின் சிறப்பை விளக்குவது கொடுமை. இந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகு என் வாதம் இன்னும் இறுகுகிறது. சனிக்கிழமை உலாத்து அவளுக்கு ஓய்வைத் தருகிறதா என்று பாருங்கள். புளிச்சாதமும் கட்டி, பிள்ளைகளையும் உடுத்தி, இரவு வந்து உப்புநீர் பட்ட உடுப்புகளையும் அவளே அலசுகிறாள் என்றால், குசினி அவளோடு படகேறிப் போய்வந்திருக்கிறது. பாரம் இருப்பது கிழமை நாளில். அதைக் கிழமை நாளில்தான் இறக்க முடியும்.

ஒடியல் கூழ் காய்ச்சும் ஒரு மாலையை இதற்கு எடுத்துக்காட்டலாம். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, பழப்புளி, செத்தல் மிளகாய், கரைத்துவிட ஒடியல் மா. ஒருத்தி தனியே செய்யக்கூடிய சமையல் அன்று இது, செய்தாலும் களைத்துப்போவாள். நண்டு உடைக்க ஒருவர், காய் வெட்ட ஒருவர், அடுப்பைப் பார்க்க ஒருவர், பனையோலையில் பிளா கோல ஒருவர் என்று இருந்தால்தான் அது கூழ். பிறகு முற்றத்தில் சுற்றி இருந்து சுடச்சுடக் குடிப்பார்கள். வெளியே எங்கும் போகவில்லை, செலவும் பெரிதில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு அது கொண்டாட்டம். வேலை பகிரப்பட்ட சாதாரண நாளையே நான் புகழ்கிறேன், பகிரப்படாததை அல்ல.

அந்தக் கால மனிதர்கள் பிரிந்திருந்தும் உறுதியாக வாழவில்லையா, அவர்கள் அனுப்பிய காசில்தானே பள்ளிக்கூடங்களும் கோபுரங்களும் கல்வீடுகளும் எழுந்தன என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள். உண்மை. அந்த உழைப்புக்கு முன்னால் தலை வணங்குகிறேன். ஆனால் உறுதியாக இருந்தது வேறு, ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்தது வேறு. முன்னதை அவர்கள் தியாகமாகக் கொடுத்தார்கள்; பின்னதை இழந்தார்கள். தியாகத்தை மதிப்பதென்றால் இழந்ததை இழப்பென்று சொல்லத் தயங்கக்கூடாது. பிரிவு அன்பைக் கூர்மையாக்கும் என்பதும் ஓரளவு சரி. கூர்மையான அன்பு கடிதத்துக்கு நல்லது. மூன்றாம் நாளும் அதே குழம்பு என்ற சலிப்பைத் தாங்குவதற்கு வேறு வகை அன்பு வேண்டும். அது கூடவே இருந்து பழகித்தான் வரும். இன்று சுவிசிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் கணவனோடு தினமும் காணொளியில் பேசலாமே என்பவர்களுக்கும் இதுவே பதில். அந்தப் பேச்சு கடிதத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் திரைக்கு முன் இருவரும் சும்மா இருக்க முடியாது, ஏதாவது பேசவேண்டும். பேசாமல் ஒரே விறாந்தையில் இருப்பதை எந்தத் தொலைபேசியும் இன்னும் கொண்டுவந்து தரவில்லை.

இதைத் தனிப்பட்ட தம்பதியரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. நெடுந்தீவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் கஷ்டப் பிரதேச சேவைக்கென்று அனுப்பப்படும் ஆசிரியர்கள், தாதியர், அலுவலர்கள் எத்தனையோ பேர் தம் துணையைப் பிரிந்து அங்கே தங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை படகைப் பிடித்து ஓடுகிறார்கள், திங்கட்கிழமை படகில் திரும்புகிறார்கள். தீவுக்கு ஆசிரியர் வேண்டும், தாதி வேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. கணவனும் மனைவியும் இருவருமே அரச சேவையில் இருந்தால் இருவரையும் ஒரே காலத்தில் ஒரே தீவுக்கு அனுப்பி, தங்க ஒரு வீடும் குடிக்க நல்ல தண்ணீரும் கொடுத்தால் என்ன? பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை முதலாவது பாடத்துக்கு ஆசிரியர் இருப்பார். அந்த ஆசிரியருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யாரிடமாவது அன்றைய நாளைப் பற்றிச் சலித்துக்கொள்ள ஒரு வீடு இருக்கும். இடமாற்றப் பட்டியல் தயாரிக்கும் மேசையில் இந்தக் கேள்வியும் ஒரு நிரலாக இடம்பெறவேண்டும் என்று கேட்கிறேன்.