கட்டி வைத்தவர் கணக்கு

சென்ற பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளைத் தைப்பிங் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போயிருந்தேன். 1961-ல் தோன்றிய அச்சாலை பாலிங் வட்டாரத்தார் பலருக்கும் பழக்கமானதே. புலியைப் பார்த்து நின்ற பேரன், "நன்னா, இதுக்கு வயித்துல பூச்சி இருந்தா யாருகிட்டச் சொல்லும்?" என்றான். வைத்தியர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அப்பால் நடந்தேன். அது பதிலாகாது என்பது எனக்கே தெரியும்.

முன்னொரு வருஷம் குர்பானிக்கென்று மூன்று மாதம் முன்னதாகவே ஒரு கிடா வாங்கிக் கடைக்குப் பின்னால் கட்டியிருந்தேன். தீனிக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. ஆயினும் கண்ணிமையின் உட்புறம் வெளுத்தது. தாடைக்கடியில் நீர் கோத்தது. வந்து பார்த்தவர், இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு என்றார். புழுவின் முட்டை புழுக்கையோடு விழுகிறது; ஈரமண்ணில் ஒரு வாரம் போலக் கிடந்து குஞ்சாகிப் புல்லில் ஏறுகிறது; ஆடு அதையே மறுபடி மேய்கிறது. மருந்து கொடுத்தாலும் முளையை மாற்றி அடிக்காவிட்டால் பயனில்லையாம். திரியும் ஆடு தானாகவே இடம் மாறும். என் கயிறு அதைத் தடுத்தது.

சிங்கம் புலி அடைத்த கூட்டிலும் கதை இதுவே. அவற்றின் உருண்டைப் புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் கெடாமல் கிடக்கும். ஆகவேதான் நல்ல சாலைகளில் புதிதாய் வரும் பிராணியைத் தனியே வைத்து, சாணத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காடுகள் அழிந்து வந்தமையால், 1980-களில் சுமத்திராக் காண்டாமிருகங்களைப் பிடித்துப் பெருக்க முனைந்தார்கள். சிலாங்கூர் சுங்கை டுசுன் நிலையத்தில் இருந்தவற்றில் ஐந்து, 2003-ன் இறுதியில் சில வாரங்களுக்குள் மாண்டன. சுர்ரா நோய் என்றார்கள் சிலர். குடலிலிருந்து பரவிய பாக்டீரியா என்றார்கள் வேறு சிலர். சுர்ரா என்பது கடிக்கும் மாட்டு ஈக்களால் பரவும் ஒட்டுண்ணி நோய். 1880-ல் கிரிபித் எவன்ஸ் என்பவர் அன்றைய இந்தியாவில் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். மாடும் எருமையும் நோய்க்குறி காட்டாமலே அதைச் சுமந்திருக்கக் கூடும்.

ஈ கடித்ததற்கு மனிதன் என்ன செய்வான்? அமானிதப் பொருள் கவனக்குறைவின்றி அழிந்தால் வைத்திருந்தவர் மீது பொறுப்பில்லையே என்று நம் வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அமானிதத்தை உடையவர் தாமே கொண்டுவந்து கொடுக்கிறார். இந்தப் பிராணி தன்னை எவரிடமும் ஒப்படைக்கவில்லை. பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நினைத்துப் பாருங்கள். அவள் அதை அடித்ததாகச் செய்தியில்லை. உணவு கொடுக்கவுமில்லை, தானே தேட விடவுமில்லை. அவிழ்த்து விட்டிருந்தால் அதன் பசி அவள் கணக்கில் ஏறியிராது. காட்டு விலங்குக்கும் புழு உண்டு, ஈ உண்டு, மெய்தான். ஆயினும் ஈயை விட்டு விலகுவதும், சேற்றில் புரளுவதும், அசுத்த மண்ணை விட்டு அகலுவதும் அங்கே அது தானே பார்த்துக்கொண்ட காரியங்கள். அடைத்த அன்றே அத்தனையும் அடைத்தவர் பெயரில் பற்றெழுதப்படுகின்றன. நல்லெண்ணத்தோடு அடைத்தார் என்பதற்காகப் பற்று குறைவதில்லை.

பிடித்ததே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அழியும் காட்டில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 2019 நவம்பரில் சபாவில் இமான் என்னும் பெண் காண்டாமிருகம் இறந்ததோடு மலேசியாவில் அவ்வினம் அற்றுப்போயிற்று. பாக்கிக்கு உரியவர் வாரிசின்றி மறைந்தால் அது பைத்துல்மாலுக்குச் சேரும் என்பது நாமறிந்தது. சுங்கை டுசுனில் பின்னர் கறுப்பு வெள்ளைத் தாபிர்களை வைத்துப் பேணலானார்கள். அந்தப் பாக்கி அவற்றுக்குச் சேர வேண்டியது என்றே எனக்குப் படுகிறது.